திரையில்லா ஆட்டக்களம்: ஒலிவழிக் கணினி விளையாட்டுகளின் வரலாறும் பார்வையற்றோரின் பங்கும்

ஆய்வுச் சுருக்கம்

கணினி விளையாட்டுகளின் வரலாறு பெரும்பாலும் திரையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. காட்சியின்றி ஒலியை மட்டுமே கொண்டு ஆடப்படும் ஒலிவழி விளையாட்டுகள் அதில் ஓர் அடிக்குறிப்பின் அளவுக்கே இடம்பெறுகின்றன. 1970களின் நடுப்பகுதி முதல் 2023 வரை இவ்விளையாட்டுகள் வளர்ந்த முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. தற்செயலாகப் பயன்பெற்றவர், படைப்பாளர், முன்னிலைப்படுத்தப்பட்ட கேட்போர், ஆலோசகர் என்னும் நான்கு நிலைகளில் பார்வையற்றோர் இவ்வரலாற்றில் இடம்பெற்றுள்ளனர். இந்நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் படிகள் அல்ல. ஒவ்வொரு தொழில்நுட்ப மாற்றமும் ஒன்றைத் தந்து மற்றொன்றைப் பறித்துள்ளது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஒலிவழி விளையாட்டு, பார்வையற்றோர், திரைவாசிப்பான், இருசெவி ஒலி, அணுகல்தன்மை, ரியல் சவுண்ட்.

முன்னுரை

விளையாட்டு என்பது ஓய்வுப் பொழுதின் உபரி என்று கருதப்பட்ட காலத்தில், பார்வையற்றோருக்கான நலத்திட்டங்கள் கல்வி, தொழில், நடமாட்டம் ஆகிய மூன்றையே முதன்மைப்படுத்தின. ஐக்கிய நாடுகள் அவை 2006 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த உடன்படிக்கை இந்நிலையை மாற்றியது. அதன் 30ஆம் பிரிவு பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் பங்கேற்பதை உரிமையாக வரையறுக்கிறது. இந்தியா 2007இல் அவ்வுடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்தது. எனினும் உரிமை சட்டமாவதற்கு நெடுங்காலம் முன்பே பார்வையற்றோர் ஆடிக்கொண்டுதான் இருந்தனர். அவர்கள் எதனை ஆடினர், அவ்விளையாட்டுகளை யார் ஆக்கினர், அவற்றில் எவை எஞ்சியுள்ளன என்னும் மூன்று வினாக்களே இக்கட்டுரையின் அடிப்படை.

ஒலிவழி விளையாட்டு என்னும் சொல் இங்கு ஒரு வரையறைக்குட்பட்டே ஆளப்படுகிறது. ஆடுபவர் நிலைமையை அறிவதற்கும் முடிவெடுப்பதற்கும் தேவையான அனைத்துச் செய்திகளையும் செவிவழியே தரும் கணினி விளையாட்டையே அது குறிக்கும். பின்னணி இசை சிறந்திருப்பதனால் மட்டும் ஒரு விளையாட்டு இவ்வகையில் அடங்காது.

முன்வரலாறு: ஒலிக்கும் பந்து

காட்சியின் இடத்தில் ஒலியை நிறுத்தும் எண்ணம் கணினியோடு பிறந்ததன்று. 1922இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் தொழிற்கூடப் பணியாளர்களான பார்வையற்றோர் இருவர், தகரக் குவளையில் கற்களை இட்டு அதனைப் பந்தாகக் கொண்டு கிரிக்கெட் ஆடினர். பார்வையற்றோர் கிரிக்கெட்டின் தோற்றம் இதுவே. இன்று அவ்வாட்டத்தில் உள்ளே உலோகக் குண்டுகள் ஒலிக்கும் நெகிழிப் பந்து பயன்படுகிறது. பந்து தரையோடு ஒலித்து வரும்படி கையைத் தாழ்த்தி வீசப்படுகிறது. வீசுமுன் பந்து வீச்சாளர் குரல் கொடுத்து, மட்டையாளரின் விடையைப் பெற வேண்டும் என்பதும் விதியாயிற்று. இவ்வாட்டத்தின் முதல் உலகக் கோப்பை 1998இல் புதுதில்லியில் நடைபெற்றது.

இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களின் மறுவாழ்வுக்காக 1946இல் கோல்பால் என்னும் ஆட்டம் உருவாக்கப்பட்டது. உள்ளே மணிகள் பொதிந்த பந்தினை உருட்டி எதிரணியின் கோட்டைக் கடக்கச் செய்வதே இதன் நோக்கம். 1976ஆம் ஆண்டு டொராண்டோ பாராலிம்பிக்கில் இது பதக்கப் போட்டியாயிற்று. ஆட்டம் நடைபெறும்போது பார்வையாளர் அமைதி காக்க வேண்டும் என்பது இதன் விதி. ஆரவாரம் இங்கே ஊக்கமாக அமைவதில்லை. பந்தை மறைக்கும் திரையாகிறது.

இவ்விரு ஆட்டங்களிலும் பின்னாளைய ஒலிவழி விளையாட்டுகளின் அடிப்படைக் கூறுகள் மூன்றும் காணப்படுகின்றன. பொருள் தன் இருப்பைத் தானே ஒலித்து அறிவிக்க வேண்டும். ஒலியின் இயக்கமே பொருளின் இயக்கமாகக் கொள்ளப்பட வேண்டும். தேவையற்ற ஒலி அடங்கியிருக்க வேண்டும்.

செவியின் இலக்கணம்

மனிதர் ஒலியின் திசையை உணரும் முறையை ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு 1907இல் விளக்கினார். ஒலி ஒரு செவியை அடைந்த பின்னரே மற்றதை அடைகிறது. இக்கால வேறுபாடு மிகுதியாகப் போனாலும் ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளுக்கு இவ்வேறுபாடும், உயர்ந்த அதிர்வெண் ஒலிகளுக்குத் தலை ஏற்படுத்தும் நிழலால் விளையும் வலிமை வேறுபாடும் திசையை உணர்த்துகின்றன.

இவ்விளக்கத்திலேயே ஒலிவழி விளையாட்டின் எல்லையும் அடங்கியுள்ளது. இடம் வலம் அறிவது எளிது. முன் பின் அறிவது அரிது. நேர் முன்னிருந்தும் நேர் பின்னிருந்தும் வரும் ஒலி இரு செவிகளையும் ஒரே நேரத்தில் அடைவதால், செவிமடலின் வடிவம் ஒலியில் ஏற்படுத்தும் நுண்ணிய மாற்றங்களையும் தலையசைவையும் கொண்டே மூளை அவற்றை வேறுபடுத்துகிறது. தலைக்கேள்பொறியோ தலையோடு சேர்ந்தே திரும்புவதால் தலையசைவின் பயன் அங்கே கிட்டுவதில்லை. இதனால் படைப்பாளர் பலர் பின்புற ஒலியை மங்கச் செய்தல், சுருதியைத் தாழ்த்துதல் முதலான மரபுகளைக் கையாண்டனர்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. படம் கண்முன் நிற்கும். ஒலி கடந்து செல்லும். தவறவிட்ட படத்தை மீண்டும் நோக்கலாம். தவறவிட்ட ஒலியை, அது மீண்டும் எழுந்தாலன்றி, கேட்க இயலாது. ஆகவே எதிரியும் கதவும் கருவியும் இடையறாது ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அனைத்தும் ஒருங்கே ஒலித்தால் எதுவும் விளங்காது. எதனை எப்போது ஒலிக்கச் செய்வது, எதனை அடக்குவது என்னும் தேர்வே இக்கலையின் மையம்.

தற்செயலான பயனர்: 1974–1995

முதற்கட்டத்தில் பார்வையற்றோர் ஆடியவை அவர்களுக்காக ஆக்கப்பட்டவை அல்ல. 1974இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட டச் மீ என்னும் பொறி, ஒளியும் ஒலியும் சேர்ந்த வரிசையை நினைவில் கொண்டு மீண்டும் அழுத்தச் செய்தது. அதன் ஒலி இனிமையற்றிருந்ததை உணர்ந்த ரால்ஃப் பேர், ஹோவர்ட் மாரிசனோடு இணைந்து சைமன் என்னும் கையடக்க ஆட்டக் கருவியை உருவாக்கினார். மில்டன் பிராட்லி நிறுவனம் 1978இல் அதனை வெளியிட்டது. நான்கு வண்ணப் பொத்தான்களுள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுரம் அமைந்திருந்தது. பொத்தான்களின் இருப்பிடமும் மாறாதது. எனவே ஒளியைக் காணாதவரும் சுரத்தைக் கொண்டே முழுமையாக ஆட இயன்றது. பார்வையற்றோரைக் கருதாமலேயே அவர்களுக்கும் உரிய ஆட்டம் ஒன்று உருவாயிற்று.

இதனினும் ஆழமான வாயில் எழுத்தின் வழியே திறந்தது. 1976 அளவில் வில் குரோதர் எழுதி, 1977இல் டான் உட்ஸ் விரித்த கொலோசல் கேவ் அட்வென்சர், கென்டக்கியின் மாமத் குகையை அடியொற்றியது. குகையின் ஒவ்வோர் அறையையும் அது சொற்களாலேயே வருணித்தது. ஆடுபவரும் சொற்களாலேயே கட்டளையிட்டார். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தோன்றிய சோர்க் முதலியன இம்மரபைத் தொடர்ந்தன. உலகம் முழுவதும் சொல்லாக இருந்ததால், சொல்லைக் குரலாக்கும் கருவி கிடைத்தபோது அவ்வுலகம் பார்வையற்றோருக்கும் முழுமையாகத் திறந்தது.

அக்கருவியே திரைவாசிப்பான். பழைய கணினித் திரையில் எழுத்துகள் எழுத்துகளாகவே நினைவகத்தில் இருந்தன. அவற்றை எடுத்துச் செயற்கைப் பேச்சுக் கருவிக்கு அனுப்புவது இயல்வதாயிற்று. விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் இணைந்து நிறுவிய நிறுவனம் 1989இல் ஜாஸ் என்னும் திரைவாசிப்பானை வெளியிட்டது. பார்வையுடையோர் ஆடிய அதே எழுத்துவழி விளையாட்டைப் பார்வையற்றோரும் எவ்விதச் சலுகையுமின்றி ஆடிய காலம் அது.

வரைகலை இடைமுகம் இச்சமநிலையைக் குலைத்தது. 1990களில் விண்டோஸ் பரவியபோது திரையில் இருந்தவை எழுத்துகளாக அல்லாமல் புள்ளிகளாயின. திரைவாசிப்பான்கள் அலுவல் மென்பொருள்களைப் பின்தொடரக் கற்றன. ஆனால் முப்பரிமாணப் படமாக மாறிவிட்ட விளையாட்டில் வாசிப்பதற்குச் சொல்லே இல்லை. விளையாட்டுத் தொழில் பெருவளர்ச்சி கண்ட அதே ஆண்டுகளில் பார்வையற்றோர் அதிலிருந்து வெளியேற்றப்பட்டனர். இதனை எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை; தற்செயலாய்க் கிடைத்தது தற்செயலாகவே பறிபோயிற்று.

கென்ஜி ஈனோவும் ரியல் சவுண்டும்

இச்சூழலில் ஜப்பானில் தோன்றிய ஒரு படைப்பு தனித்து நோக்கத்தக்கது. வார்ப் நிறுவனத்தின் கென்ஜி ஈனோ 1996இல் எனிமி ஜீரோ என்னும் விளையாட்டை சேகா சேட்டர்ன் கருவிக்கென வெளியிட்டார். அதில் எதிரிகள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவர்களின் திசையையும் நெருக்கத்தையும் ஒலிக்குறிகளே உணர்த்தின. தம் விளையாட்டுகளைப் பார்வையற்றோர் ஆடுவதைக் கடிதங்கள் வாயிலாக அறிந்து, அவர்களை நேரில் சந்தித்து, காட்சிக்கென ஆக்கப்பட்ட ஆட்டங்களை அவர்கள் ஒலியை மட்டும் பற்றி ஆடிய முறையைக் கண்டதாக ஈனோ பிற்கால நேர்காணலில் கூறியுள்ளார்.

அதன் விளைவாக 1997 ஜூலையில் ரியல் சவுண்ட்: கஸே நோ ரிகிரெட் வெளிவந்தது. காற்றின் கழிவிரக்கம் என அதன் பெயரைத் தமிழில் கூறலாம். ஆட்டம் நிகழும்போது திரை வெறுமையாகவே இருக்கும். நடிகர்களின் குரலிலும் இசையிலும் சூழல் ஒலியிலும் ஒரு காதல் கதை விரியும். முடிவெடுக்க வேண்டிய இடத்தில் ஒலிக்குறி எழ, ஆடுபவர் கதையின் போக்கைத் தேர்வார். யூஜி சகமோட்டோ கதையுரையை எழுதினார். பிரெய்ல் எழுத்தில் அமைந்த கையேடும் உடன் வழங்கப்பட்டது. இவ்விளையாட்டைத் தம் கருவிக்கு மட்டுமே அளிப்பதற்கு ஈடாகப் பார்வையற்றோருக்கு ஆயிரம் சேட்டர்ன் கருவிகளை சேகா நிறுவனம் நன்கொடையாக வழங்க வேண்டும் என்று தாம் கேட்டதாகவும், தம் பங்காக ஆயிரம் விளையாட்டுப் படிகளை அளித்ததாகவும் ஈனோ குறிப்பிட்டுள்ளார்.

இப்படைப்பின் சிறப்பு ஈகையில் மட்டும் இல்லை. பார்வையுடையோரும் பார்வையற்றோரும் ஒரே நிலையில் நின்று நுகரும் படைப்பை ஆக்குவதே ஈனோவின் நோக்கமாயிருந்தது. எழுத்துவழி விளையாட்டில் தற்செயலாய் இருந்த சமநிலையை அவர் கருதியே மீட்டார். ஆனால் அது நீடிக்கவில்லை. 1999இல் டிரீம்காஸ்ட் கருவிக்கு வந்த பதிப்பில் விரும்பினால் படங்களையும் காணும் வசதி சேர்க்கப்பட்டது. தொடராகத் திட்டமிடப்பட்ட பிற விளையாட்டுகள் வெளிவரவே இல்லை. ஈனோ 2013இல் காலமானார்.

இப்படைப்பு ஜப்பானுக்கு வெளியே அதிகாரப்பூர்வமாக வெளியிடப்படவில்லை என்பது மற்றொரு சிக்கலைக் காட்டுகிறது. காட்சிவழி விளையாட்டு மொழி அறியாதவரையும் ஓரளவு சென்றடையும்; வசன வரி சேர்த்தும் அதனைக் கடத்தலாம். குரலே உடலாக அமைந்த விளையாட்டுக்கு அவ்வாய்ப்பு இல்லை. பார்வையற்றவர் வசன வரியைக் காண இயலாது. முழுவதும் மீண்டும் நடித்துப் பதிவு செய்தாலன்றி அது வேறொரு மொழிக்குச் செல்லாது. ஒலிவழி விளையாட்டு காட்சியின் எல்லையைக் கடந்தது. அதனாலேயே மொழியின் எல்லைக்குள் மேலும் இறுகியது.

படைப்பாளராகிய பயனர்: 1999–2010

பெருநிறுவனங்கள் விட்டுச்சென்ற வெற்றிடத்தைச் சிறு படைப்பாளர்கள் நிரப்பினர். கனடாவின் ஜி.எம்.ஏ. கேம்ஸ் 2001இல் வெளியிட்ட ஷேட்ஸ் ஆஃப் டூம், புகழ்பெற்ற டூம் விளையாட்டின் அமைப்பை ஒலியில் வார்த்தது. காலடி ஓசையும் எதிரொலியும் சூழல் ஒலியும் கொண்டே ஆடுபவர் கட்டடத்தின் அமைப்பை மனத்துள் வரைய வேண்டியிருந்தது. ஸ்வீடனின் பின் இன்டராக்டிவ் உருவாக்கிய டெர்ராஃபார்மர்ஸ், காட்சியோடும் காட்சியின்றியும் ஆடத்தக்கதாய் அமைந்து, 2003இல் சுயாதீன விளையாட்டு விழாவில் ஒலிப் புதுமைக்கான பரிசைப் பெற்றது.

இக்காலத்தின் குறிப்பிடத்தக்க முயற்சி ஆடியோகுவேக். ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் தன் குவேக் விளையாட்டின் மூல நிரலை 1999இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. அதனைக் கொண்டு 2003இல் தொடங்கிய ஏகிரிப் திட்டம், பார்வையற்றோர் குவேக்கை ஆடுவதற்கான ஒலிக்குறிகளைச் சேர்த்தது. ஆட்டக்களங்களை எழுத்தாலேயே வரையறுத்து உருவாக்கும் வழியையும் அத்திட்டம் பின்னர் வகுத்தது. ஆடும் உரிமையோடு ஆக்கும் உரிமையும் இங்கே கைகூடியது. மூல நிரல் திறக்கப்பட்டமையே இதற்கு அடிப்படை என்பது கவனத்திற்குரியது.

திரைவாசிப்பான் துறையிலும் இதே போக்கு நிகழ்ந்தது. ஆஸ்திரேலியாவின் பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ., கட்டணமற்ற திரைவாசிப்பானாக உலகெங்கும் பரவியது. அதனுடன் வரும் இஸ்பீக் பேச்சுப்பொறி தமிழையும் ஒலிக்கவல்லது. விலை மிகுந்த மென்பொருளை வாங்க இயலாத நாடுகளில் எழுத்தை அடிப்படையாகக் கொண்ட விளையாட்டுகளுக்கு இது மீண்டும் வழி திறந்தது. ஸ்வீடனின் பிளாஸ்ட்பே ஸ்டுடியோஸ் உருவாக்கிய பி.ஜி.டி. என்னும் கருவித் தொகுப்பு, ஒலிவழி விளையாட்டுகளை எளிய நிரல்மொழியில் எழுத உதவியது. பின்னர் அதன் வளர்ச்சி நின்றுபோனமை, சிலரது உழைப்பை நம்பி நிற்கும் ஒரு மரபின் நொய்ம்மையைக் காட்டுகிறது.

கைப்பேசியும் இருளின் உருவகமும்: 2009–2021

2009இல் ஐபோன் 3ஜிஎஸ் கருவியில் வாய்ஸ்ஓவர் என்னும் திரைவாசிப்பான் உள்ளிணைக்கப்பட்டது. தொட்டுணர ஏதுமற்ற கண்ணாடிப் பரப்பு பார்வையற்றோரின் கருவியாயிற்று. தலைக்கேள்பொறியும் அதனோடு இயல்பாகவே இணைந்தது. 2010 டிசம்பரில் பிரிட்டனின் சம்திங் எல்ஸ் நிறுவனம் பாப்பா சாங்கிரே என்னும் விளையாட்டை வெளியிட்டது. திரையின் அடியில் இடமும் வலமும் மாறி மாறித் தட்டினால் நடை. மேற்பகுதியில் விரலைச் சுழற்றினால் திரும்புதல். செவிமடலும் தலையும் ஒலியில் ஏற்படுத்தும் மாற்றங்களைக் கணித்து, இருசெவி ஒலியாக அது வழங்கியது. 2013இல் அதன் இரண்டாம் பாகம் நடிகர் ஷான் பீனின் குரலோடு வந்தது. பிரான்சின் லியோன் நகரில் உள்ள டோவினோ நிறுவனம் 2015இல் எ பிளைண்ட் லெஜன்ட் என்பதையும், கனடாவின் ஃபாலிங் ஸ்குவிரல் நிறுவனம் 2021இல் தி வேல் என்பதையும் வெளியிட்டன.

இப்படைப்புகளில் ஒரு கருத்தியல் வேறுபாடு புலனாகிறது. பாப்பா சாங்கிரே முழு இருளில் நிகழும் திகில் கதை. காணாமை அங்கே அச்சத்தின் ஊற்று. பார்வையுடையவர் கண்களை மூடிக்கொண்டு பெறும் அனுபவத்தை அது அடிப்படையாகக் கொள்கிறது. பார்வையற்றவருக்கோ காணாமை அன்றாட இயல்பு, அது திகிலன்று. எ பிளைண்ட் லெஜன்டின் தலைவன் பார்வையற்ற வீரன். அவனை வழிநடத்துபவள் அவன் மகள் லூயிஸ். தி வேலின் தலைவி பார்வையற்ற இளவரசி. இவற்றில் காணாமை அச்சமாக அல்லாமல் கதைமாந்தரின் வாழ்நிலையாக அமைகிறது. ஒலியை மட்டும் பயன்படுத்துவதனாலேயே ஒரு படைப்பு பார்வையற்றோரின் உலகைப் பேசிவிடுவதில்லை. அவ்வுலகை எங்கிருந்து நோக்குகிறது என்பதே அதனை முடிவு செய்கிறது.

சட்டமும் பெருவணிகமும்

அமெரிக்காவில் 2010இல் இயற்றப்பட்ட 21ஆம் நூற்றாண்டுத் தகவல்தொடர்பு மற்றும் காணொளி அணுகல் சட்டம், விளையாட்டுகளுக்குள் நிகழும் உரையாடல் வசதிகளையும் தன் எல்லைக்குள் கொண்டது. விளையாட்டு மென்பொருளுக்கு அளிக்கப்பட்ட விலக்கு 2018 டிசம்பர் இறுதியோடு முடிவுற்றது. இச்சட்டம் ஆட்டத்தை ஆடும் உரிமையை அளிக்கவில்லை; ஆட்டத்திற்குள் பேசும் உரிமையையே அளித்தது. எனினும் எழுத்தைக் குரலாக்கும் வசதியை விளையாட்டு நிறுவனங்கள் கைக்கொள்வதற்கு அது ஒரு காரணமாயிற்று.

2020 ஜூனில் நாட்டி டாக் நிறுவனம் வெளியிட்ட தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் அமைப்புகளைக் கொண்டிருந்தது. பட்டியல்களை வாசிக்கும் குரல், வழிகாட்டும் ஒலி, சண்டைக்கான ஒலிக்குறிகள் ஆகியவற்றால் பார்வையற்றோர் அதனைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஆட முடிந்தது. 2023இல் வந்த ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட், பார்வையற்றோர் பந்தயக் கார் ஓட்டுவதற்கான ஒலித்துணைகளை அமைத்தது. பார்வையற்றவரான பிராண்டன் கோல் இவ்விரு விளையாட்டுகளிலும் ஆலோசகராகப் பங்களித்தார். கடிதம் எழுதிய வாசகரின் நிலையிலிருந்து, ஊதியம் பெறும் வல்லுநரின் நிலைக்குப் பார்வையற்றவர் வந்தடைந்ததை இது குறிக்கிறது.

ஆயினும் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. பெருவணிக விளையாட்டில் ஒலி, முன்னரே அமைந்த காட்சிக்குப் பொழிப்புரையாக வருகிறது. ஷேட்ஸ் ஆஃப் டூம் போன்றவற்றிலோ ஒலியே மூலம். முன்னது தோழரோடும் குடும்பத்தாரோடும் ஒரே ஆட்டத்தைப் பகிரும் வாய்ப்பைத் தருகிறது. பின்னது செவியின் இலக்கணத்திலேயே சிந்திக்கும் கலையைக் காக்கிறது. முன்னது வந்துவிட்டதால் பின்னது தேவையற்றது என்னும் வாதம், மொழிபெயர்ப்பு உள்ளதால் மூலநூல் வேண்டா என்பதை ஒக்கும்.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் மூன்று. முதலாவது, ஒலிவழி விளையாட்டின் வரலாறு இடையறாத முன்னேற்றமன்று. எழுத்துத் திரை தந்த சமநிலையை வரைகலைத் திரை பறித்தது. கைப்பேசி தந்த வாய்ப்பையும் இயங்குதள மாற்றங்கள் நிலையற்றதாக்குகின்றன. 2017இல் ஐஓஎஸ் 11, 32 பிட் செயலிகளை இயக்குவதை நிறுத்தியபோது, புதுப்பிக்கப்படாத பழைய விளையாட்டுகள் புதிய கருவிகளில் செயலிழந்தன. சிறு படைப்பாளரைச் சார்ந்த இத்துறையில் இத்தகைய இழப்பின் சுமை மிகுதி. படத்தாள் எஞ்சினாலும் விளையாட்டின் சாயலை அறியலாம். ஒலிவழி விளையாட்டு இயங்காதபோது எஞ்சுவது ஒன்றுமில்லை. ஆகவே ஆவணப்படுத்தல் இத்துறையில் முதற்கடமையாகிறது.

இரண்டாவது, நிலைத்த பயன் விளைந்த இடங்களிலெல்லாம் பார்வையற்றோர் பெறுபவராக மட்டும் இருந்ததில்லை. மெல்பர்ன் தொழிலாளர் முதல் திரைவாசிப்பான் நிரலாளர் வரை அவர்களே வழி வகுத்துள்ளனர். பிறர் ஆக்கிய சிறந்த படைப்புகளும் அவர்களின் சொல்லைக் கேட்ட பின்னரே தோன்றின.

மூன்றாவது, ஒலிவழி விளையாட்டு மொழியோடு பிணைந்தது. இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தன் 29ஆம் பிரிவில் பண்பாடும் பொழுதுபோக்கும் குறித்துப் பேசுகிறது. அப்பிரிவு தமிழ் பேசும் பார்வையற்ற சிறாருக்குப் பொருளுடையதாக வேண்டுமாயின், தமிழிலேயே எழுதி, தமிழ்க்குரலிலேயே நடித்து, அவர்களுள் சிலரையேனும் படைப்பாளராகக் கொண்ட விளையாட்டுகள் தோன்ற வேண்டும். பேச்சுப்பொறி தமிழை ஒலிப்பது அதற்கான தொடக்கமே. கதை சொல்லும் மரபும் குரல் நாடக மரபும் உடைய ஒரு மொழிக்கு அது அயலான பணியன்று.